நாற்காலிக்கு வந்த நண்டுகள்

நான் இராமேஸ்வரத்துக்குப் போனது தூக்கத்தில். இறங்க வேண்டிய ஊர் இராமநாதபுரம். கண் விழித்தபோது ஜன்னலுக்கு இந்தப் பக்கமும் தண்ணீர், அந்தப் பக்கமும் தண்ணீர். கோயம்புத்தூரில் குடியிருப்பவன் எழுந்ததும் தண்ணீரைப் பார்த்தால் முதலில் நினைப்பது, மாடித் தொட்டி வழிகிறது, மோட்டாரை யார் நிறுத்தாமல் விட்டது என்பதுதான். எதிர் இருக்கை அம்மாள் கடலைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டிருந்தார்.

"ராமநாதபுரம் வந்துருச்சாம்மா?"

"அது போயி முக்கா மணி நேரமாச்சு. நல்லாத் தூங்குனீக. கும்பிட்டுக்கங்க, பாம்பன் பாலம்."

கும்பிட்டுக்கொண்டேன். தீவில் இறங்கியதும் நடைமேடையிலேயே ஒருவர் என் பையைப் பிடித்துக்கொண்டார். "சாருக்குத் திதியா, தீர்த்தமா?"

"ரெண்டும் இல்லை. தூங்கிவிட்டேன்."

"தூங்குறதுக்கும் ரூம் இருக்கு சார். ஏ.சி.யா, சாதாவா?"

கைப்பேசி அடித்தது. என் மனைவியின் தங்கை கலைச்செல்வி. "எங்கன இருக்கீக அத்தான்? ஸ்டேசன் வாசல்ல ஒரு மணி நேரமா நிக்கேன்." இராமேஸ்வரத்தில் என்றேன். "சரி, வந்தது வந்தீக, சாமியக் கும்பிட்டுட்டு பஸ் ஏறுங்க" என்றாள். விஞ்ஞானிகள் எதிர்பாராத முடிவுகளுக்குப் பழகியவர்கள்.

நான் போன காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். கலைக்குச் சொந்த ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம், கடலே தெரியாத மிளகாய்க்காடு. அவள் படித்தது மீன்வளம். பெரியபட்டினத்தில் ஒரு வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்துகொண்டு, பக்கத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றில் மூன்று வருடமாக நண்டு அளந்துகொண்டிருந்தாள். கிராமத்தின் பெயரை எழுதக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். அவளோடு நோட்டில் எழுதுகிற உதவியாளர் பைக்கில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். நான்கு நாளைக்கு ஓர் ஆள் வேண்டும். "இவரு சும்மாத்தான் இருக்காரு, அனுப்பி வைக்கேன்" என்று என் மனைவி சொல்லிவிட்டாள். நான் அப்போது வேலை பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வேலை பார்க்கும்போதும் எனக்குச் சும்மா இருக்கிற முகம்.

அன்று மாலை கீழ்வீட்டு அம்மா இடியாப்பமும் மீன் ஆணமும் அனுப்பினார். அங்கே முஸ்லிம் வீடுகளில் குழம்புக்கு ஆணம் என்று பெயர். எங்கள் ஊரில் மீன், பனிக்கட்டியில் இரண்டு நாள் பயணம் செய்து களைத்துப்போய் வரும். இது காலையில்தான் செத்தது போலிருந்தது. பதினோரு இடியாப்பம் தின்றேன். எண்ணியது கலை. எண்ணுவது அவள் தொழில்.

சாப்பிட்டு முடித்ததும் அந்தத் தொழில் என்னவென்று விளக்கினாள். கடலுக்குள் எத்தனை நண்டு இருக்கிறதென்று யாராலும் எண்ண முடியாது. ஆகவே கரைக்கு வருவதை அளந்து, கடலில் இருப்பதை ஊகிக்க வேண்டும். எனக்குப் புரிகிற மாதிரி நான் அதை இப்படி மாற்றிக்கொண்டேன்: கதவு சாத்திய கல்யாண மண்டபம். உள்ளே போக அனுமதியில்லை. வாசலில் நின்றுகொண்டு, வெளியே வருகிறவர்களின் வயதைப் பார்த்து, உள்ளே யார் மிச்சம் என்று சொல்ல வேண்டும். எல்லா வயதிலும் ஆள் வந்தால் விசேஷம் நன்றாக நடக்கிறது. வருவதெல்லாம் குழந்தைகள் என்றால் பெரியவர்கள் தீர்ந்துபோனார்கள் என்று அர்த்தம்.

"ஏறக்கொறைய அதான்" என்றாள் கலை. "ஆனா வாசல்ல நிக்குற ஆளு தூங்கக் கூடாது."

மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தக் கிராமம் கூடி ஒரு கட்டுப்பாடு வைத்தது. சின்னக் கண்ணி வலை போடுவதில்லை. சினை நண்டு மாட்டினால் கடலிலேயே விட்டுவிடுவது. சின்னது வளரட்டும், சினை பெருகட்டும் என்பது கணக்கு. வருகிற வெள்ளிக்கிழமை ஊர் மறுபடி கூடுகிறது. நண்டு பெருத்திருந்தால் கட்டுப்பாடு தொடரும். இல்லையென்றால் பழைய வலையை எடுத்துவிடுவார்கள். பெருத்திருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டியவள் கலை.

"பெருத்திருக்கா?"

அவள் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். வருடத்துக்கு வருடம் நண்டின் அளவைக் காட்டும் ஒரு கோடு இடமிருந்து வலமாக, நல்ல வேலை கிடைத்த பிள்ளை மாதிரி ஏறிக்கொண்டே போனது.

*

புதன்கிழமை விடிகிற நேரத்தில் ஸ்கூட்டரில் போனோம். நான் பின்னால் உட்கார்ந்து அளவுக் கருவிப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன். மணல் வந்ததும் வண்டி படுத்தது. வண்டியும் நானும் ஒரு பக்கம், கருவி ஒரு பக்கம். கலை முதலில் கருவியைத்தான் தூக்கிப் பார்த்தாள்.

நாட்டுப்படகுகள் வந்துகொண்டிருந்தன. முதல் நாள் மாலை போட்ட வலையை விடியலில் இழுத்து, நண்டு சிக்கியபடியே சுருட்டிக் கரைக்குக் கொண்டுவருகிறார்கள். கரையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து நண்டைக் கழற்றுகிறார்கள். அந்தக் கைகள் போகிற வேகத்தைப் பார்த்தால் நண்டுக்கே தான் எப்போது கழன்றோம் என்று தெரியாது.

பூவரச மர நிழலில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. பாண்டியம்மா என்ற ஐம்பது வயதுப் பெண் ஓடிவந்து அதை முந்தானையால் துடைத்தார். கழற்றுகிற பெண்களுக்கெல்லாம் அவர்தான் தலைமை. "ஒக்காருங்க டீச்சரம்மா." கையில் நோட்டு வைத்திருக்கிற பெண் அங்கே டீச்சர்தான். டீச்சருக்கு டீ வந்தது. எனக்கும் வந்தது, கொஞ்சம் ஆறி.

எந்தப் படகின் நண்டை அளப்பது என்பதைக் கலை தேர்ந்தெடுப்பதில்லை. கைப்பேசியில் ஒன்றை அமுக்கினால் அது கண்ணை மூடிக்கொண்டு ஓர் எண் சொல்லும். வேண்டியவர், வேண்டாதவர் என்ற பாகுபாடு வரக் கூடாது என்பதற்காக. அன்றைக்கு ஏழாம் எண் வந்தது. சேதுவின் படகு.

மூன்று வருடமாகக் கட்டுப்பாட்டை எதிர்க்கிற கட்சிக்குச் சேதுதான் தலைவர். மீசையும் அந்தப் பொறுப்புக்குத் தகுந்ததாக இருந்தது. கழுவிய நண்டுகள் ஒரு பேசின் நிறைய அவர் கையில். நாற்காலிக்கு எதிரில் வந்து நின்றார்.

"டீச்சரம்மா, இப்பவே சொல்லிப்புட்டேன். வெள்ளிக்கெழம நான் எதுத்துத்தான் பேசுவேன். மூணு வருசமாச்சு, ஒரு நண்டும் பெருக்கல."

"பேசுங்கண்ணே."

"கோவிச்சுக்கக் கூடாது."

"கோவிக்க மாட்டேன்."

"அப்ப சரி. இந்தாங்க நண்டு." பேசினை அவள் காலடியில் பூப்போல வைத்துவிட்டுப் போனார்.

ஓட்டின் ஒரு கோடி முள்ளிலிருந்து மறுகோடி முள் வரைக்கும் அளக்க வேண்டும். கலை அளந்து சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஆண், பதினாறு சென்டிமீட்டர். பெண், பதினைந்தரை. ஆண், பதினாறே கால். நீலக்கால் நண்டுகள், ஆண்கள் ஒவ்வொன்றும் மாப்பிள்ளை போலப் பளபளவென்று இருந்தன. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

மத்தியானம் பாண்டியம்மா வீட்டில் நண்டுக் குழம்பு. நண்டு தின்பது சாப்பாட்டில் சேராது, உத்தியோகத்தில் சேரும். நான் ஒரு காலை உடைத்து உள்ளே இருப்பதை எடுக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏண்ணே, அதத் திங்கப் போறீகளா, இல்ல உசிரு குடுக்கப் போறீகளா?" என்றார் பாண்டியம்மா. வீடே சிரித்தது. அன்று சாயந்தரத்துக்குள் ஊர் முழுக்க எனக்கு 'டீச்சரோட அத்தான்' என்று பெயர். அதில் மரியாதை எதுவும் கலந்திருப்பதாகத் தெரியவில்லை.

பிற்பகலில் கீழக்கரைக்குப் போனோம். கூட்டத்தில் காட்ட, மடிக்கணினியில் ஏறிய அந்தக் கோட்டை ஃப்ளெக்ஸ் பேனராக அடிக்க வேண்டும். கடைக்காரரை எல்லாரும் 'காக்கா' என்று கூப்பிட்டார்கள். அண்ணன் என்று பொருள். அவர் எங்களுக்குத் தொதல் என்ற கறுப்பு இனிப்பைக் கொடுத்தார். பேச்சுக் கொடுப்பவர்களை அமைதியாக்க அதைவிடச் சிறந்த பண்டம் கிடையாது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டிக்கொண்ட நிலையில் திரையைப் பார்த்தேன். ஏறுகிற கோட்டின் மேல் காக்கா மூன்று நண்டுகளை வைத்திருந்தார். முதலாவது நண்டு சைஸில், இரண்டாவது ஆமை சைஸில், மூன்றாவது ஆட்டோ சைஸில்.

"மூணாவது ரொம்பப் பெருசா இருக்கு காக்கா" என்றாள் கலை.

"வளர்ச்சின்னா கண்ணுல தெரியணும்மா. ஒங்க போட்டோ ஒண்ணு குடுங்க, மேல போட்ருவோம்."

"வேணவே வேணாம்."

"இவுக போட்டோ?"

"இவுக எங்க அத்தான்."

காக்கா என்னை ஒருமுறை பார்த்தார். "அப்ப வேணாம். நாளைக்கு அசர் தொழுகைக்குப் பொறகு வாங்க, இன்ஷா அல்லாஹ் ரெடியா இருக்கும்."

*

வியாழக்கிழமை கலைக்கு இராமநாதபுரம் அலுவலகத்தில் வேலை. அப்படியே கீழக்கரைக்குப் போய் பேனரையும் வாங்கி வருவதாக ஏற்பாடு. விடியலில் என்னைக் கடற்கரையில் இறக்கிவிட்டு, "முள்ளுல இருந்து முள்ளுக்கு. ஆணா பொண்ணான்னு அடிவயித்தப் பாருங்க. அஞ்சாம் நம்பர் படகு. மறந்துறாதீக" என்று மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனாள்.

பூவரச மரத்தடிக்குப் போனேன். நாற்காலி இருந்தது. அதன் மேல் யாரோ ஈர லுங்கியைக் காயப் போட்டிருந்தார்கள். நான் வந்ததைப் பார்த்தும் லுங்கி அங்கேயேதான் இருந்தது. டீ வரவில்லை. பேசினும் வரவில்லை. அரை மணி நேரம் மரத்தைப் பார்த்தபடி நின்றேன். எல்லோரும் நன்றாக இருந்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

வேறு வழியில்லாமல் ஐந்தாம் எண் படகின் வலை கிடந்த இடத்துக்கு நானே போனேன். பாண்டியம்மாவும் இன்னும் மூன்று பெண்களும் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மணலில் உட்கார்ந்துவிட்டேன். கழன்று விழுகிற நண்டை ஒவ்வொன்றாக எடுத்து, அளந்து, எழுதி, கூடையில் போட்டேன்.

"அண்ணே, வேட்டி நனையுது" என்றார் பாண்டியம்மா.

"பரவாயில்லை."

"நனையுதுன்னுதான் சொன்னேன். எந்திரிக்கச் சொல்லல."

நான்காவது நண்டு என் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டது. நான் கத்திய கத்தலில் படகிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இழுக்காதீக! தண்ணிக்குள்ள விடுங்க, அதுவா விட்ரும்!" விட்டேன். அதுவும் விட்டது. அதையும் அளந்தேன்: பத்தரை. இவ்வளவு சின்ன ஜீவனுக்கு இவ்வளவு கோபம்.

சினை நண்டு ஒன்று வந்தது. வயிற்றில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கொத்து. பாண்டியம்மா பேச்சை நிறுத்தாமலே அதைக் கடல் தண்ணீர் வாளிக்குள் போட்டார். கடலில் மாட்டும்போது கண்ணில் படாமல் வலையோடு கரைக்கு வந்துவிடுபவை அவை. வாளி நிறைந்ததும் ஒருவர் தூக்கிக்கொண்டு போய் இடுப்பளவுத் தண்ணீரில் கவிழ்த்துவிட்டு வந்தார். யாரும் எனக்காகச் செய்தது போலத் தெரியவில்லை. நான் அங்கே இருப்பதே அவர்கள் நினைவில் இல்லை.

பதினொன்று. பதினான்கு. பத்தரை. பன்னிரண்டு. பதினைந்து. ஒன்பதரை. வெயில் ஏறும் வரைக்கும் எழுதினேன். இரண்டு பக்கம் நிறைந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக விஞ்ஞானத்துக்கு ஏதோ செய்துவிட்ட திருப்தியோடு பெரியபட்டினத்துக்கு நடந்தேன். ஷேர் ஆட்டோ ஒன்று வந்தது. அது என்னை ஏற்றிக்கொண்டு எதிர்த்திசையில் போனது தனிக்கதை.

விளக்கு வைக்கிற நேரத்தில் கலை பேனர்ச் சுருளோடு வந்தாள். உற்சாகமாக இருந்தாள். அலுவலகத்தில் எல்லோரும் கோட்டைப் பார்த்துப் பாராட்டினார்களாம். நோட்டை வாங்கிப் புரட்டியவள் முகம் மாறியது.

"எதுல இருந்து எதுக்கு அளந்தீக?"

"முள்ளிலிருந்து முள்ளுக்கு."

"எந்த முள்ளு?"

"கோடி முள். நீ காட்டின அதே முள்."

அவள் நம்பவில்லை. எவர்சில்வர் டம்ளரைக் கொடுத்து அதன் வாயை அளக்கச் சொன்னாள். அளந்தேன். சரி பார்த்தாள். தீப்பெட்டியை அளக்கச் சொன்னாள். பிறகு என் கட்டைவிரலை. எல்லாம் சரியாகவே இருந்தன. வயது ஐம்பத்திரண்டில், மைத்துனி முன்னால் கட்டைவிரலை நீட்டிக்கொண்டு நான் பாஸ் செய்த தேர்வு அது.

"அப்ப பேசின்ல இவ்வளவு சின்ன நண்டா வந்துச்சு?"

"பேசினே வரலை. நாற்காலியில் லுங்கி கிடந்தது. நான் வலைகிட்டேயே போய் உட்கார்ந்துட்டேன். கழட்டக் கழட்ட அளந்தேன்."

கலை மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தாள். கீழ்வீட்டில் யாரோ வெளிநாட்டில் இருக்கிற மகனோடு வீடியோவில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அத்தான், எங்க அய்யா வத்தல் மூட்டை கட்டுறதப் பாத்திருக்கீகளா?"

"இல்லை."

"மொளகா வத்தல சாக்குல போடுறப்ப, நல்ல செவப்பா, ஒடையாத வத்தலா மேல பரப்புவாரு. ஏமாத்துறதுக்கு இல்ல. பாக்க வாரவன் கண்ணுக்கு நல்லா இருக்கணும்ல, அதுக்கு. வாங்க வார வியாபாரிக்கும் அது தெரியும். அவன் மேலயே பாக்க மாட்டான். கைய முழங்கை வரைக்கும் உள்ள விட்டு அடியில இருந்து ஒரு பிடி எடுப்பான். நான் சின்னப்புள்ளையில இருந்து பாத்த விசயம் இது." நிறுத்தினாள். "படகுக்கு நம்பர் எடுத்தேன். பேசின்ல எது வருதுன்னு பாக்கவே இல்ல. மூணு வருசமா மேல் வத்தலையே பாத்துட்டு இருந்திருக்கேன்."

நான் எப்போதும் தரும் வகையான அறிவுரை ஒன்றைத் தந்தேன். "நாளைக்குக் கூட்டம். பேனரும் வந்தாச்சு. நீ அதை மாட்டிவிட்டால் கட்டுப்பாடு தொடரும். சினை நண்டு பிழைக்கும். நல்ல காரியம்தானே? அளவையெல்லாம் அடுத்த வருடத்திலிருந்து சரிசெய்துகொள்ளேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில், நேற்று காக்கா ஏன் என் போட்டோ வேண்டாமென்றார் என்பது விளங்கியது.

*

வெள்ளிக்கிழமை காலையில் பாண்டியம்மா நாற்காலியைத் துடைத்து முடிப்பதற்குள் கலை வலையருகே போய் மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அய்யய்யோ, டீச்சரம்மா! மண்ணுல போயி ஒக்காந்துக்கிட்டு!"

"அக்கா, ஒண்ணு கேக்கேன். எனக்குப் பேசின்ல நண்டு போடுறப்ப, பொறுக்கிப் போடுவீகளா?"

பாண்டியம்மாவுக்குக் கேள்வியே புரியவில்லை. "பின்ன? வீட்டுக்கு வந்த புள்ளைக்கு முள்ளயும் தலையயுமா வைப்பாக?"

"மொதல்ல இருந்தேவா?"

"மொத வருசம் நீங்க யாரு எவருன்னு தெரியாது. கெடந்ததப் போட்டோம். கெவுருமெண்டு ஆளு, எதையோ அளந்துட்டுப் போகட்டும்னு. அப்புறம் எங்க மக பிரசவத்துக்கு ராத்திரி வண்டி கூப்புட்டுக் குடுத்தீகளா, சேது மகனுக்குக் காலேஜுக்கு எழுதிக் குடுத்தீகளா, நம்ம புள்ளையாயிட்டீக. நம்ம புள்ளைக்குச் சின்ன நண்ட அளக்கக் குடுத்தா எங்களுக்குல அசிங்கம்." என்னை நோக்கித் தலையை அசைத்தார். "அத்தானுக்கு என்ன, அவுக பாட்டுக்கு ஒக்காந்தாக. கெடந்தத அளந்தாக."

அந்தக் கோடு ஏன் ஏறியது என்பது அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. முதல் வருடம் அவளைத் தெரியாது, கோடு கீழே. இரண்டாம் வருடம் பழக்கம், கோடு நடுவில். மூன்றாம் வருடம் பாசம், கோடு உச்சியில். ஓர் ஊர் ஒரு பெண்ணைச் சொந்தமாக்கிக்கொண்ட வேகத்தை இவ்வளவு துல்லியமாக, புள்ளி விடாமல், இதுவரை யாரும் அளந்திருக்க மாட்டார்கள்.

அன்றைக்கும் வலையிலிருந்தே அளந்தோம். நான் வியாழக்கிழமை எழுதியதுபோலவே வந்தது.

சாயந்தரம் நான்கு மணிக்கு வலை பின்னுகிற கொட்டகையில் கூட்டம். நாங்கள் போவதற்கு முன்பே பேனர் கட்டப்பட்டிருந்தது. காலையில் நாங்கள் கரையில் மறந்து விட்டுப்போன சுருளை எடுத்து, நாலு மூலையும் இழுத்து, சுருக்கமில்லாமல் கட்டியிருந்தார் சேது. எதிர்த்துப் பேசப்போகிறவர். ஆட்டோ சைஸ் நண்டு கொட்டகையை நிறைத்துக்கொண்டு நின்றது.

கலை எழுந்து நின்றாள்.

"இந்தப் படத்துல ஏறிப் போறது நண்டு இல்ல. நீங்க எனக்குச் செஞ்ச மரியாதை. நல்ல நண்டாப் பொறுக்கி வச்சீக, நான் அத மட்டும் அளந்தேன். குத்தம் ஒங்க மேல இல்ல. நாற்காலிய விட்டு எந்திரிச்சு வந்து பாத்திருக்கணும், நான் பாக்கல. அதுனால இது செல்லாது. கழட்டிருங்க."

யாரும் கழற்றவில்லை. சேது எழுந்தார்.

"இரிங்க டீச்சரம்மா. வெளங்கிக்கிறேன். மூணு வருசமா நான் நண்டு பெருக்கலன்னு கத்துறேன். நான் பொறுக்கிக் குடுத்த நண்ட அளந்தே, பெருத்திருக்குன்னு நீங்க படம் போட்டீகளா?"

"ஆமாண்ணே."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏலே சேது, ஒனக்கு எதிரா நீயே சாச்சி சொல்லியிருக்கலே!" கொட்டகை குலுங்கியது. கலையும் சிரித்துவிட்டாள். சேது சிரிக்கவில்லை.

"எதுத்துப் பேசுறது வேற, வந்தவுகளுக்குச் செய்யுறது வேற" என்றார் பொதுவாக. பிறகு, "அப்ப நான் சொன்னது நெசம்தானா? நண்டு பெருக்கலையா?"

"தெரியாதுண்ணே."

"பெருத்திருக்கா?"

"அதுவும் தெரியாது. ரெண்டு நாள்தான் ஒழுங்கா அளந்திருக்கோம். அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

மூன்று வருடம் வெயிலில் உட்கார்ந்தவள், அத்தனை பேர் முன்னால் தெரியாது என்றாள், இரண்டு முறை. சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது. சேது சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்தான். அவர் பக்கம் பாதிப் பேருக்கு மேல் இருந்தார்கள். பழைய வலைகள் கொட்டகைப் பரணிலேயே சுருட்டிக் கிடந்தன. கையை நீட்டினால் எடுத்துவிடலாம்.

சேது மீசையைத் தடவிக்கொண்டே பேனரைப் பார்த்தார்.

"இப்பக் கையத் தூக்கச் சொன்னா நான் கெலிச்சிருவேன். தெரியும். ஆனா எதிராளிக்குக் காய் எடுத்துக் குடுத்தவனும் நானா இருக்கேன், இதுல என்ன கெலிப்பு? இன்னொரு வருசம் கட்டுப்பாடு இருக்கட்டும். ஒழுங்கா அளக்கட்டும். அப்பவும் பெருக்கலன்னு வந்துச்சு, பரண்ல இருக்குற வலைய மொதல்ல நான்தான் எடுப்பேன். அன்னைக்கு எவனும் வாயத் தொறக்கக் கூடாது."

"நானும் தொறக்க மாட்டேன்" என்றாள் கலை.

எப்படி அளப்பது என்று பேச்சு வந்தது. பாண்டியம்மாதான் வழி சொன்னார். "வலை காயப் போடுற எடத்துக்குச் சீட்டுப் போடுறோம்ல? பெரிய ஆளு, சொந்தக்காரன்னு பாக்காம சொம்புல போட்டுக் குலுக்குறோம்ல? அப்படிப் போடுவோம். படகுக்கு மட்டும் இல்ல, வலைக்கும். எந்தத் துண்டு வலைக்குச் சீட்டு விழுதோ, அத அப்படியே கொண்டாந்து அவுக முன்னால வைக்கணும். அளந்து முடிக்குற வரைக்கும் எவளும் பொறுக்கக் கூடாது. நானும்தான்."

கலை தலையில் கை வைத்துக்கொண்டாள். பல்கலைக்கழகத்தில் இதற்காகவே ஒரு பருவம் முழுக்கப் பாடம் படித்தாளாம். அதில் சொம்பு வரவில்லை.

கடைசியாக ஒருவர் எழுந்து, அளக்கிற வேலைக்கு டீச்சரோடு அவர் அத்தானையே வைத்துக்கொள்ளலாம் என்றார். "அவுகளுக்குன்னா நாங்க ஒண்ணும் செய்ய மாட்டோம்ல. கணக்குச் சுத்தமா இருக்கும்." ஏகமனதாக ஏற்கப்பட்டது. என் ஐம்பத்திரண்டு வருட வாழ்வில் நான் ஒரு பதவிக்கு ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது அன்றுதான். காரணத்தை என் மனைவியிடம் சொல்லவில்லை.

*

சனிக்கிழமை மத்தியானம் எனக்கு ரயில். காலையில் விடைபெறக் கடற்கரைக்குப் போனேன்.

பேனரை மணலில் கவிழ்த்து விரித்திருந்தார்கள். வெள்ளைப் பக்கம் மேலே. ஆட்டோ சைஸ் நண்டு குப்புறப் படுத்திருக்க, அதன் முதுகில் நிஜ நண்டுகள் ஓடின. கலை மணலில் சம்மணமிட்டு அளந்துகொண்டிருந்தாள். பாண்டியம்மா சொம்பை மடியில் வைத்துக்கொண்டு நோட்டில் எழுதினார். எழுத்து என்னுடையதைவிட நன்றாக இருந்தது. பன்னிரண்டு, பத்து, பதினைந்து, சினை, வாளி. பெரிய நண்டு ஒன்று வந்ததும் பாண்டியம்மாவின் கை பழக்கத்தில் அதைத் தனியாக எடுத்து வைக்கப் போனது. கலை பார்த்தாள். கை திரும்பி வந்தது.

நான் வழக்கம்போல் மணலில் உட்காரப் போனேன். தோளில் ஒரு கை விழுந்தது. சேது.

"என்னண்ணே மண்ணுல போயி. இங்கன வாங்க."

பூவரச மரத்தடியில் சிவப்பு நாற்காலி கிடந்தது. லுங்கி இல்லை. துடைத்திருந்தது, ஈரம் இன்னும் காயவில்லை. காலடியில் ஒரு பேசின். உள்ளே கால்களை நாரால் கட்டிய ஆறு நண்டுகள், ஒவ்வொன்றும் மாப்பிள்ளை. டீ வந்தது, கொதிக்கக் கொதிக்க.

"ஊருக்குக் கொண்டு போங்க. எங்க அக்காவுக்குக் குடுங்க" என்றார் சேது. என் மனைவியை அவர் பார்த்ததே இல்லை.

கலை தூரத்திலிருந்து நாற்காலியைப் பார்த்தாள், பேசினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஒங்க வேலை போச்சு அத்தான்" என்று கத்தினாள். "வேற ஆளு பாக்கணும்."

உட்கார்ந்தேன். நல்ல நிழல். என்னிடம் கொடுத்திருந்த இன்னொரு அளவுக் கருவி பையிலேயே இருந்தது. ஒரு நண்டை எடுத்து, முள்ளிலிருந்து முள்ளுக்கு வைத்துப் பார்த்தேன். பதினேழு. நோட்டில் எழுதவில்லை.